பாஸ் கையில் இருந்தால் போதாது, படுக்கையும் வாங்க வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குறைந்த செலவில் ஐரோப்பாவை இரவு ரயிலில் சுற்றுவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நல்ல எழுத்து, நல்ல படங்கள். ஆனால் அதில் இருந்த ஒரு செய்தி என்னைத் தூங்க விடவில்லை. ரயில் பாஸ் ஒன்று வாங்கிவிட்டால் எந்த இரவு வண்டியிலும் ஏறிப் படுத்துக்கொள்ளலாம், ஓட்டல் செலவு மிச்சம் என்று எழுதியிருந்தார்கள். இதையே நம்பிப் போய், போன வருடம் மே மாதம் வியன்னா நிலையத்தில் நானும் என் தங்கையும் பெட்டியோடு நடைமேடையில் நின்றோம். அந்த நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. சுருக்காமல் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதலில் என்னைப் பற்றி. மதுரை சந்திப்பில் முன்பதிவு அலுவலகத்தில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றேன். பேரேட்டில் கையால் பெயர் எழுதி பெர்த் கொடுத்த காலத்தில் சேர்ந்தவள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, தட்கல் வந்தது, கவுண்டருக்கு முன்னால் நின்ற கூட்டம் மெல்ல மெல்லச் செல்போனுக்குள் போனது. எல்லாவற்றையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தங்கை அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேருக்கும் பென்ஷன் உண்டு. அதற்கு மேல் பெரிய வசதி கிடையாது. அவள் மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் மேற்படிப்பு படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகிற சாக்கில் நாலு ஊர் பார்க்கலாம் என்று மூன்று வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில்தான் கிளம்பினோம்.

பாஸ் வாங்கித் தந்தது மதுரையில் ஒரு பயண ஏற்பாட்டாளர். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில் என்ற பாஸ், நம்மைப் போல வெளியிலிருந்து போகிறவர்களுக்கு யூரெயில் என்ற பாஸ். இரண்டும் ஏறக்குறைய ஒரே சரக்குதான், 33 நாடுகளில் செல்லும். 60 வயதுக்கு மேல் 10 சதவீதம் தள்ளுபடி, 27 வயது வரை உள்ளவர்களுக்கு 25 சதவீதம். நாங்கள் எடுத்தது ஒரு மாதத்துக்குள் 7 பயண நாட்கள் கொண்ட பாஸ். அந்த 7 நாட்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறலாம். "மேடம், இதுதான் டிக்கெட். வண்டியைப் பார்த்ததும் ஏறிடுங்க" என்றார் அவர். இத்தனை வருடம் பெர்த் கொடுத்த நான், அப்படியானால் பெர்த் யார் கொடுப்பது என்று கேட்டிருக்க வேண்டும். அந்த நாட்டு முறை அப்படி இருக்கும்போலும் என்று விட்டுவிட்டேன்.

மியூனிக்கிலிருந்து பகல் வண்டியில் வியன்னா வந்தோம். அதற்கு முன்பதிவு தேவைப்படவில்லை, காலி இடத்தில் உட்கார்ந்துகொண்டோம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் வண்டிகள் அப்படித்தான். அதனால் ஏற்பாட்டாளர் சொன்னது சரி என்றே மனதில் பதிந்துவிட்டது. அன்று மாலையே ரோம் போகும் இரவு வண்டி. வியன்னா மத்திய நிலையத்தில் வண்டி வந்து நின்றது. ஒவ்வொரு பெட்டி வாசலிலும் ஒரு பணியாளர், கையில் பயணிகள் பட்டியல். நம்ம டி.டி.இ. சார்ட்டோடு நிற்பது போலவே. போனில் இருந்த பாஸைக் காட்டினேன். அவர் பார்த்தார், தலையாட்டினார், பிறகு "ரிசர்வேஷன்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வண்டி நிறைந்துவிட்டது என்றார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தேன். கதவு திறந்திருந்த முதல் அறையில் இரண்டு படுக்கைகள் வெறுமையாக இருந்தன, மடித்த போர்வை அப்படியே இருந்தது. விரல் நீட்டிக் காட்டினேன். "அது ஃபில்லாக்கில் ஏறுபவர்களுக்கு" என்று வழியில் வரும் ஒரு நிலையத்தைச் சொன்னார் பொறுமையாக. ஆசிரியர் அவர்களே, இதே பதிலை மதுரையில் எத்தனை ஆயிரம் பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! காலியாகத்தான் தெரியும், திண்டுக்கல்லில் ஏறுவார்கள் என்று. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. அங்கே ஆர்.ஏ.சி. கிடையாது, காத்திருப்போர் பட்டியல் கிடையாது, வண்டிக்குள் ஏறி டி.டி.இ.யைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் கிடையாது. இடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வண்டி எங்கள் கண் முன்னாலேயே புறப்பட்டுப் போனது. தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. சூட்கேஸின் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி அந்தச் சிவப்பு விளக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரவு நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டல் அறைக்கு 118 யூரோ கொடுத்தோம். ரோமில் மறுநாளுக்குப் பணம் கட்டியிருந்த அறை பாதி நாள் வீணானது. அதைவிடப் பெரிய நஷ்டம் பாஸில். மியூனிக்–வியன்னா பயணத்துக்கும் ரோம் இரவு வண்டிக்கும் சேர்த்து ஒரே பயண நாள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். இப்போது ரோம் போக மறுநாள் இன்னொரு பயண நாளைச் செலவழித்தோம். வெனிஸ் மெஸ்த்ரேயில் மாறிய இத்தாலிய அதிவேக வண்டிக்கும் தனி முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பாஸ் இருந்தாலும் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் அதிவேக வண்டிகளுக்கு அது கட்டாயம். இதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டும்தான். படுக்கை தனி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ரயில்வே ஊழியராக நான் பாஸ் வைத்திருந்தபோதும் பெர்த்துக்கு முன்பதிவு செய்யாமல் ஸ்லீப்பரில் ஏற முடியாது அல்லவா, அதே முறைதான். ஐரோப்பாவின் இரவு வண்டிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முன்பதிவு கட்டாயம். உட்கார்ந்தே போகும் இருக்கை மலிவு. அதற்கு மேலே குஷெட் எனப்படும் படுக்கை அறை, நாலு பேருக்கோ ஆறு பேருக்கோ. அதற்கும் மேலே மெத்தை, கைகழுவும் தொட்டி எல்லாம் உள்ள ஸ்லீப்பர் அறை, ஒருவர் முதல் மூன்று பேர் வரை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நாம் ஸ்லீப்பர் என்று சொல்வதற்கு நெருக்கமானது அங்கே குஷெட்தான். அங்கே ஸ்லீப்பர் என்றால் நம்ம முதல் வகுப்பு ஏ.சி. மாதிரி, விலையும் அப்படி.

இவ்வளவு சீக்கிரம் ஏன் நிறைந்துவிடுகிறது என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெட்டிகளை எண்ணிப் பார்த்ததும் புரிந்தது. நம்ம பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை, இப்போதைய எல்.எச்.பி. பெட்டியில் 80. அப்படி ஏழெட்டுப் பெட்டி ஒரே வண்டியில் வரும். அங்கே ஆறு பேர் அறைகள் கொண்ட குஷெட் பெட்டியில் அறுபதுக்குள்தான். அதுவும் ஒரு வண்டியில், போய்ச்சேரும் ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றோ இரண்டோ பெட்டிதான். ஆஸ்திரிய ரயில்வே 2023 டிசம்பரில் ஓட்டத் தொடங்கிய நைட்ஜெட் என்ற புதிய இரவு வண்டி ஒவ்வொன்றிலும் ஏழு பெட்டிகள். முழு வண்டிக்கும், இருக்கையையும் சேர்த்து, 254 பேர். நம்ம பாண்டியன் எக்ஸ்பிரஸில் நாலைந்து பெட்டியில் வந்துவிடும் கூட்டம் அது. 2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் இரவு வண்டிகளை மொத்தமாக நிறுத்தியது. அவற்றில் ஒரு பகுதியை ஆஸ்திரிய ரயில்வே எடுத்து நைட்ஜெட் என்ற பெயரில் நடத்தி வருகிறது. நடுவில் ஜனங்களுக்கு இரவு வண்டி மேல் திரும்பவும் ஆசை வந்துவிட்டது, பெட்டிகளோ அந்த வேகத்துக்குப் பெருகவில்லை.

வியன்னா ஓட்டலிலிருந்து தங்கை மகனுக்குப் போன் போட்டோம். அவன் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்ததை எங்கள் ஏற்பாட்டாளர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆஸ்திரிய ரயில்வேயின் இணையதளத்தில் பயணியின் பெயருக்குப் பக்கத்தில் சலுகை அட்டை சேர்க்கிற இடம் உண்டு. அதில் யூரெயில் அல்லது இன்டர்ரெயில் என்று தேர்ந்தெடுத்தால், பாஸ் உள்ளவர்களுக்கான விலை தனியாகக் காட்டும். பாஸ் நிறுவனத்தின் தளத்திலும் பல வண்டிகளுக்கு முன்பதிவு செய்யலாம், அதற்குச் சேவைக் கட்டணம் சேரும். ரயில்வேயின் சொந்தத் தளத்திலேயே கிடைத்தால் அங்கே வாங்குவது மலிவு.

பட்ஜெட் பார்க்கிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். படுக்கைக்குப் பாஸ்காரர்கள் கட்டும் தொகை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தேதியைப் பொறுத்து, கூட்டத்தைப் பொறுத்து நைட்ஜெட்டில் ஏறி இறங்குகிறது, நம்ம ஊர் விமான டிக்கெட் மாதிரி. சில இரவுகளில் பாஸ்காரருக்குக் காட்டும் விலையும், பாஸே இல்லாதவர் முன்கூட்டி வாங்கும் சலுகை டிக்கெட்டின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைத் திரையில் நானே பார்த்தேன். அப்படி இருக்கும்போது அந்த இரவுக்குப் பாஸைத் தொடாமல் சாதாரண டிக்கெட்டே எடுத்துவிடலாம். ஒரு பயண நாள் மிச்சமாகும். அதை ஒரு நீண்ட பகல் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கவுண்டரில் இருந்த காலத்தில், குடும்பமாக வருகிறவர்களுக்குச் சுற்றுப்பயண டிக்கெட் லாபமா, தனித்தனி டிக்கெட் லாபமா என்று தாளில் கூட்டிக் கழித்துக் காட்டுவேன். அதே பழக்கம் இங்கே கைகொடுத்தது. இரண்டு விலையையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ரோம் தெர்மினி நிலையத்தில், சிசிலித் தீவில் உள்ள பலேர்மோவுக்குப் போகும் இரவு வண்டிக்கு முன்பதிவு வாங்கினோம். இந்த முறை வந்து இறங்கிய முதல் நாளே, நாலு நாள் முன்னதாக, கவுண்டருக்குப் போனோம். எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி எங்கள் பாஸைப் பார்த்து, ரயிலின் எண்ணைத் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு பேர் அறையில் இரண்டு இடம். எனக்கு முழங்கால் வலி, கீழ்ப் படுக்கை வேண்டும் என்று கையால் காட்டிக் கேட்டேன். ஒன்று கீழே, ஒன்று மேலே கொடுத்தார். டிக்கெட்டில் பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் பேனாவால் வட்டமிட்டுத் தந்தார். நானும் வயதானவர்களுக்கு அப்படித்தான் வட்டமிட்டுத் தருவேன்.

அந்த வண்டி இரவு 11 மணி வாக்கில்தான் புறப்படும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரவு வண்டிக்குப் பாஸில் கழிவது புறப்படும் தேதியின் பயண நாள் மட்டுமே. நள்ளிரவுக்கு முன் ஏறி, நடுவில் வேறு வண்டி மாறாமல் போனால், மறுநாள் பகல் வரை அதே ஒரு நாள்தான் கணக்கு. ஆனால் 11 மணிக்குப் புறப்படும் வண்டிக்காக ஒரு முழு நாளைக் கொடுக்கிறோமே! அதனால் அன்று காலையிலேயே உள்ளூர் வண்டியில் ஓர்வியேத்தோ போய்வந்தோம். மலை மேல் இருக்கிற பழைய ஊர், நிலையத்திலிருந்து கம்பி இழுக்கும் சின்ன ரயிலில் மேலே ஏறலாம். அந்தப் போக்குவரத்து பாஸிலேயே முடிந்தது, மலை ரயிலுக்கு மட்டும் தனியாகச் சீட்டு. மறுநாள் பலேர்மோவில் இறங்கிய பிறகு பக்கத்து ஊருக்குப் போகப் பாஸைத் திறக்கவில்லை. நாலைந்து யூரோ உள்ளூர் டிக்கெட்டுக்காக ஒரு பயண நாளை இழப்பது வீண்.

அந்த இரவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. விடியும் நேரத்தில் வண்டி ஒரு துறைமுகத்தில் நின்றது. வில்லா சான் ஜொவான்னி என்று பெயர். இத்தாலியின் கால் விரல் நுனி. என்ஜின் கழன்றது, பெட்டிகளை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்தார்கள். எங்கள் பெட்டி மெதுவாகப் பின்னால் தள்ளப்பட்டது. சன்னலுக்கு வெளியே வானம் போய், வெள்ளைச் சாயம் பூசிய இரும்புச் சுவர் வந்தது. கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். கரையில் உள்ள தண்டவாளமும் கப்பலில் உள்ளதும் ஒட்டி நிற்கும் இடத்தைச் சக்கரம் தாண்டும்போது ஒரு தட்டு, அடுத்து ஒரு தட்டு. பக்கத்துத் துண்டு நமக்கு இணையாக வந்து நின்றது. சங்கிலியும் கொக்கியும் மாட்டும் சத்தம் கேட்டது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரும்புப் படி ஏறி மேல்தளத்துக்குப் போனோம். உப்புக் காற்று, கருநீலத் தண்ணீர், எதிரே சிசிலி. சிற்றுண்டிக் கடையில் அரான்சீனி விற்றார்கள், அரிசிச் சோற்றை உருட்டிப் பொரித்தது. இறைச்சி இல்லாதது எது என்று கேட்டு ஆளுக்கொன்று வாங்கினோம். சிசிலிக் கரையில் உள்ள மெசினா துறைமுக வாசலில் உயரமான தூண் மேல் பொன்னிற மாதா கை உயர்த்தி நிற்கிறாள்.

எங்கள் அப்பா பாம்பனில், வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர். எழும்பூரிலிருந்து வரும் போட் மெயிலில் தனுஷ்கோடி போய் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு வேறு ரயில் பிடித்த ஜனங்களைப் பற்றி அவ்வளவு சொல்வார். 1964 டிசம்பர் புயலில் எல்லாம் போயிற்று. அங்கே ஜனங்கள் இறங்கித்தான் கப்பலுக்கு நடந்தார்கள். இங்கே ரயிலே கப்பலில் ஏறுகிறது. அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தங்கை சொன்னாள். எனக்கும் அதே நினைப்புதான்.

இன்னொரு இரவு சூரிச்சிலிருந்து பிராக் வரை. இது பதினோரு நாள் முன்னதாகத் தங்கை மகன் எடுத்து வைத்தது, ஆறு பேர் குஷெட்டில், பெண்கள் மட்டும் உள்ள அறை. தனியாகப் போகிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பதிவு செய்யும்போது பெண்கள் அறை என்று நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் ஆண் பெண் கலந்துதான் இடம் வரும். நம்ம ஸ்லீப்பர் பெட்டியின் ஒரு பகுதியை, பக்கவாட்டுப் படுக்கை இல்லாமல், கதவு போட்டு மூடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த அறை. இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடுக்கு. சுத்தமான விரிப்பு, தலையணை, போர்வை, ஒரு பாட்டில் தண்ணீர். உள்ளிருந்து தாழ் போடலாம். எங்களோடு ஒரு கல்லூரி மாணவியும் பேரனைப் பார்க்கப் போகிற ஒரு பாட்டியும் இருந்தார்கள். பாட்டிக்கும் கீழ்ப் படுக்கைதான் வேண்டும். மாணவி தானாகவே மேலே ஏறிக்கொண்டாள். மொழி தெரியாவிட்டாலும் பெர்த் மாற்றிக்கொள்வது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. காலையில் பணியாளர் கதவைத் தட்டி எழுப்பி, காபியும் பன்னும் கொடுத்தார். டிரெஸ்டனைத் தாண்டி எல்பே ஆற்றை ஒட்டிப் போகும்போது, மணற்பாறைகள் தூண் தூணாக, மலை மாதிரி எழுந்து நிற்பதைப் பார்த்தபடியே காபி குடித்தோம்.

அந்த வண்டியில் ஒரு பாதி பெர்லினுக்கு, ஒரு பாதி பிராகுக்கு. வழியில் பிரியும். அங்கே பல இரவு வண்டிகள் இப்படித்தான். நம்ம ஊரில் லிங்க் எக்ஸ்பிரஸ் ஓடிய காலம் நினைவிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெட்டி எண் பார்க்காமல் கைக்குக் கிடைத்த வாசலில் ஏறித் தூங்கினால் வேறு நாட்டில் விழிப்பீர்கள். நடைமேடையில் எழுத்துகளால் பகுதி பிரித்திருப்பார்கள். எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று பலகையில் காட்டும். பத்து நிமிடம் முன்பே போய் அதைப் பார்த்து நிற்க வேண்டும். நடுவழி நிலையங்களில் வண்டி நமக்காகக் காத்திருக்காது.

தேதியில் தவறு செய்யாதீர்கள். இரவு 12 மணிக்கு மேல் 20 நிமிடத்தில் வரும் வண்டிக்கு முன்பதிவு அடுத்த நாள் தேதியில் இருக்க வேண்டும், பாஸிலும் அடுத்த நாள்தான் கழியும். மதுரையில் இந்தத் தவறோடு கவுண்டருக்கு வந்து அழுதவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன். அதேபோல, பாஸ் நிறுவனத்தின் ரயில் பிளானர் என்ற செயலியில் அந்தப் பயணத்தை ஏறுவதற்கு முன்பே சேர்த்து, கியூ.ஆர். குறியீடு வரும்வரை முடித்து வைக்க வேண்டும். அதைச் சேர்க்காமல் ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்தச் செயலியை மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்க வேண்டும் என்பதும் ஒரு விதி.

பணம் கட்டும்போது எங்கள் இருவர் கார்டும் முதலில் வேலை செய்யவில்லை. நம்ம வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டு, இணையப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். ஓ.டி.பி. வருவது இந்திய எண்ணுக்கு. அங்கே போய் வேறு சிம் போட்டுவிட்டு உட்கார்ந்தால் படுக்கை கண்ணெதிரே போய்விடும். அதனால் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, இரவு வண்டிகளை மட்டுமாவது முடித்துவிடுங்கள். பல வண்டிகளுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கிறது. தண்டவாள வேலை நடந்தாலோ, டிசம்பரில் கால அட்டவணை மாறும் சமயத்திலோ தாமதமாகும். நம்ம ரயில்களில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகச் சுருங்கிவிட்டதால், இரண்டு மாதம் முன்னால் பார்த்தால் போதும் என்று நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு அங்கே உதவாது.

இதில் விசாவோடு ஒரு முடிச்சு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டும். ரயிலில் கழியும் இரவுக்கு ஓட்டல் ரசீது இருக்காது, அந்தப் படுக்கையின் முன்பதிவைத்தான் காட்ட முடியும். விசா வருமோ வராதோ என்று தெரியாமல் படுக்கை வாங்குவது மனதுக்குக் கஷ்டம்தான், பெரும்பாலான பாஸ் முன்பதிவுகளுக்குப் பணம் திரும்ப வராது என்பதால். வாங்குவதற்கு முன் அந்தந்த வண்டியின் ரத்து விதியைப் படிக்க வேண்டும். பாஸுக்கும் அப்படித்தான். வாங்கி 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும் என்பதால் பாஸைத் தள்ளுபடி விலை வரும்போது முன்கூட்டியே வாங்கி வைக்கலாம்.

கட்டுரையில் இன்னும் இரண்டு இடத்தைத் திருத்த வேண்டும். பாரிஸ்–வியன்னா நைட்ஜெட்டைப் பரிந்துரைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய அந்த வண்டி 2025 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. பிரான்ஸ் அரசு தந்த மானியம் நின்றதுதான் காரணம். மாட்ரிட்–லிஸ்பன் இரவு வண்டியும் 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் நின்றதுதான், அதன் பிறகு ஓடவில்லை. இந்த இரண்டையும் நம்பி யாராவது ஓட்டல் போடாமல் போனால் ராத்திரி நிலையத்து பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

நான் இரவு வண்டிக்கு எதிரி இல்லை. சரியாக முன்பதிவு செய்த இரண்டு இரவும் எங்கள் வாழ்நாளில் மறக்க முடியாதவை. ஒரு இரவு அறை வாடகையும் ஒரு பகல் பொழுதும் உண்மையிலேயே மிச்சமாயின. பென்ஷன்காரர்களாலும் முடியும் என்பதற்கு நாங்களே சாட்சி. அதனால்தான் கேட்கிறேன்: வரும் ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், பாஸோடு படுக்கைக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும் என்று கொட்டை எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கோடை விடுமுறைக்கு விசா விண்ணப்பம் போடுகிறவர்கள் இந்த மாதம்தான் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பயண ஏற்பாட்டாளர்களும் பாஸ் விற்கும்போது இந்த ஒரு வரியை ரசீதிலேயே அச்சடித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஏற்பாட்டாளரிடம் திரும்பி வந்ததும் நேரில் போய்ச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அவர் குறித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
ஓய்வுபெற்ற முன்பதிவு எழுத்தர்,
மதுரை.